வாட்ச்மேன் நோட்டில் 104

பாஸ்போர்ட் நீல நிறம். பெயர் ஜுசாரா.
சி படிவத்தில் நாடு என்ற இடத்தில்
பிரேசில் என்று நான் எழுதி முடிப்பதற்குள்
சோபாவில் இருந்த மூன்று பேர்
பேப்பரை மடித்துவிட்டார்கள்.

மண்டபத்தில் தோணித்துறைக்குப் போகும் வழி.
கருவாட்டு வாசம் ஏறாத அறைகள் என்று
போர்டு வைத்த லாட்ஜ் எங்களுடையது.
(ஏறும்.)

வந்த காரியம் என்ற கட்டம் சின்னது.
கடல்புல், என்றாள்.
தென்கடலில் எத்தனை, வடகடலில் எத்தனை என்று
சதுரச் சட்டம் போட்டு எண்ண வேண்டுமாம்.
ஓனர் மருமகன் என் காதருகே குனிந்தான்:
"புல்லு எண்ணவா அங்கேருந்து வருவாங்க?
கார்னிவல் வீடியோ பாத்ததில்லையா நீங்க?"

நான் சிரிக்கவில்லை.
ஆனால் அன்று ராத்திரி
வாட்ச்மேன் சேதுவைக் கூப்பிட்டு
நூத்தி நாலுக்கு யார் வர்றா, எப்பப் போறா,
ஒரு நோட்டுல எழுதி வையுங்க என்று சொன்னது
நான்தான்.

ஆட்டோக்காரர் கண்ணாடியைத் திருப்பிவைத்தார்.
பதிவுக்குப் போன இடத்தில் ரைட்டர்
சாம்பா தெரியுமா என்று
தோளை லேசாக ஆட்டிக் காட்டினாராம்.
பாம்பன் பாலத்தில் செல்ஃபி கேட்ட பையன்கள்
எப்படி நிற்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.
வள்ளக்காரர் நம்புராஜன் மட்டும்
ஃபுட்பாலோடு நிறுத்திக்கொண்டார்.
ஏழு கோல் வாங்கிய கதையை
துக்கம் விசாரிப்பதுபோல விசாரித்தார்.

கரண்ட் போன ஒரு சாயங்காலம்
மெழுகுவர்த்திக்கு வந்தவள்
ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.
லிஸ்பனில் வாடகைக்குக் கேட்டால்
போனில் அவள் பேச்சின் இழுப்பைக் கேட்டதுமே
காலி வீட்டுக்கு ஆள் வந்துவிடுமாம்.
மாட்ரிட் ஏர்போர்ட்டில் தனி அறை.
கைப்பணத்தை எண்ணிவிட்டு
யார் அனுப்பியது என்றார்களாம்.
"விஞ்ஞானி, விஞ்ஞானி என்று சொல்லிக்கொண்டே போவேன்.
என் அக்கா ஆடுவாள்.
வருஷத்தில் நாலு நாள், இறகு கட்டிக்கொண்டு.
மற்ற நாளெல்லாம் பல் பிடுங்குவாள்.
அவளை மறைத்துத்தான்
ஒவ்வொரு கவுண்ட்டரையும் தாண்டுகிறேன்."

எனக்குக் குவைத் வந்துவிட்டது தொண்டைக்குள்.
லேப் டெக்னீஷியன் விசா கையில் இருந்தது.
பாஸ்போர்ட் அட்டையைப் பார்த்தவன்
உள்ளே பிரிக்காமலே
வீட்டுவேலைக்கு வந்தவர்கள் வரிசையைக் காட்டினான்.
நான் இல்லை, நான் இல்லை என்று சொன்ன வேகத்தில்
பக்கத்தில் நின்ற மூக்கையூர்க்காரி
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

இதைச் சொல்ல என் இங்கிலீஷ் போதவில்லை.
போதியிருந்தாலும்.

கச்சான் ஓய்ந்த ஒரு காலை
ஆவுளியாவைப் பார்த்தேன் என்று
ஈரம் சொட்டச் சொட்ட ஓடிவந்தாள்.
அவள் ஊர் ஆற்றுமுகத்தில்
அதன் ஒன்றுவிட்ட உறவு இருக்கிறதாம்,
பெயர் மீன்மாடு.
அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள்
மாதக்கணக்கில் கடலில் கிடந்து
தூரத்தில் இதைப் பார்த்துத்தான்
கூந்தலும் மார்பும் உள்ள கன்னி என்று எழுதிவைத்தார்களாம்.
"புல் மேயும். மூச்சு விட மேலே வரும்.
அவ்வளவுதான்," என்றாள்.
தரை முழுக்கத் தண்ணீர்.
துடைக்கத் துணி கேட்டு அவளே துடைத்தாள்.

அவள் போன அன்று நோட்டை வாங்கிப் பார்த்தேன்.
சேதுவின் கோழிக் கிறுக்கல்:
காலை 4.50 போனது. மதியம் 2 வந்தது. ஈரத்துணி.
யாரும் வரவில்லை.
காலை 4.50 போனது. செருப்பு ஒன்று அறுந்து வந்தது.
யாரும் வரவில்லை.
ராத்திரி 11 லைட் எரிந்தது. தட்டிக் கேட்டேன்.
புல் காயவைக்கிறதாம்.
வாழைப்பழம் ரெண்டு குடுத்தது.

பதினெட்டு நாள், பக்கம் பக்கமாக.
கிழித்துவிடலாம் என்று பிடித்தேன்.
பின்பக்கத்தில்
107-இன் தண்ணீர் கேன் கணக்கு,
இன்னும் வசூலாகவில்லை.